செவ்வாய்க்கிழமை நோயாளிகள்

பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால், தெருவில் எல்லோருக்கும் அவர் டிரில் டீச்சர்தான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓட ஓட விரட்டியவருக்கு இப்போது வலது முட்டி சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பில் இருந்தார். முன்பெல்லாம் இரண்டு கரைக்கும் நேராக ஒரு பஸ் ஓடியது. தங்கை அங்கே குடிபோன சமயத்தில்தான், கூட்டமில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது போக வேண்டுமென்றால் பாதி வழியில் இறங்கி, நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அக்காவுக்கு முட்டி, தங்கைக்குக் கண். ஒரே ஊரில் இருந்தும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க வழியில்லாமல் போயிற்று.

"வீடியோல பேசிக்கலாமேம்மா," என்பான் மகன்.

"பேசறேனே. அவ நெத்தியும் சீலிங் ஃபேனும் தெரியுது. அதுக்கு நம்ம வீட்டு ஃபேனையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்."

நகராட்சி முதியோருக்கென்று ஒரு வேன் விட்டிருந்தது. வாசலுக்கே வரும், தாழ்வான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாம் உண்டு. ஆனால் மருத்துவமனைக்கு மட்டும்தான் போகும். தங்கை கண்ணைக் காட்டச் செவ்வாய்க்கிழமைகளில் அதில்தான் போய் வந்தார். அதைப் போனில் கேட்ட நிமிடம் டீச்சருக்குப் பொறி தட்டியது.

"அடுத்த செவ்வாய் நானும் வர்றேன்டி."

"உனக்கு என்னக்கா ஆச்சு?"

"முட்டி. இத்தனை நாள் சும்மா வலிச்சுது. இனிமே பிரயோஜனமா வலிக்கட்டும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் கொஞ்ச நேரம் காலை நீட்டி மடக்கிவிட்டு, டீச்சர் கண் பிரிவுக்கு வெளியே இருந்த கூடத்துக்கு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன சித்தியிலிருந்து நேற்றுப் பொங்கிவிட்ட பால் வரை பேசித் தீர்த்தார்கள். கண் டாக்டரின் உதவியாளர் மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் தங்கைக்குத் தான் வந்த காரியமே நினைவுக்கு வந்தது.

நல்ல சேதி காதோடு காதாகப் பரவியது. இரண்டே மாதத்தில் செவ்வாய்க்கிழமை வேனில் கலகலப்பு தாங்கவில்லை. ஒரே அச்சகத்தில் வேலை பார்த்துப் பிரிந்த இருவர் கூடத்துக்கு வந்து சதுரங்கம் ஆடினார்கள். கல்யாணத்தன்று முறைத்துக்கொண்ட இரண்டு சம்பந்திகள், கூடத்தில் வேறு நாற்காலி கிடைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ராசியாகிவிட்டார்கள். ஓய்வு பெற்ற முடிதிருத்துபவர் ஒருவர் கத்தரியோடு வர ஆரம்பித்தார்.

வினை அந்தக் கத்தரியில்தான் வந்தது. கூடத்தில் முடி சிதறிக் கிடப்பதைப் பார்த்த தலைமை நர்ஸ் நகராட்சிக்குப் போன் செய்துவிட்டார். போக்குவரத்துப் பிரிவு அதிகாரி நேரில் வந்து நின்றார். வயதில் சின்னவர், கெட்டவரில்லை. ஆனால் விதி என்றால் விதி என்பவர்.

"இங்க நிஜமா உடம்புக்கு முடியாதவங்க யாரு?"

பாதி முடி மட்டும் வெட்டப்பட்டிருந்த ஒரு பெரியவர் தயங்கிக் கையைத் தூக்கினார். "எனக்கு லேசா சளி பிடிச்சிருக்கு தம்பி."

மறுநாளே டீச்சரின் வேன் பதிவை நிறுத்திவைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவர்தான் என்று தெரிந்துபோயிற்று. அதிகாரியே போன் செய்தார்.

"விசாரணைக்கு நீங்க நேர்ல வரணும்மா. தலைவி அம்மாவும் இருப்பாங்க."

"தாராளமா வர்றேன். வண்டி அனுப்புங்க."

"வண்டி ஆஸ்பத்திரிக்கு மட்டும்தாம்மா. நகராட்சி ஆபீசுக்கு வராது."

"அப்போ விசாரணையை ஆஸ்பத்திரியில வைங்க."

நேரில் கேட்காமல் யாருடைய பதிவையும் ரத்து செய்யக்கூடாது என்பதும் விதிதான். அதிகாரியின் விதிக்கு அவரே கட்டுப்பட வேண்டியதாயிற்று.

அடுத்த செவ்வாய், நகராட்சித் தலைவி காத்திருப்புக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் கைத்தடிகளும் கண்ணாடிகளுமாக ஒரு சபை. தங்கை பயத்தில் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி எழுந்து, கோபமில்லாமல்தான் பேசினார். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க அரட்டை அடிக்க ஏறின சீட்டுனால, நிஜமான நோயாளி ஒருத்தர் வாசல்லயே நின்னுட்டா என்ன பண்றது?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு வந்தவர்தான். ஆனால் இதை அவர் யோசித்ததே இல்லை. திரும்பி, கதவோரம் நின்ற வேன் ஓட்டுநரைப் பார்த்தார்.

"ஏம்மா, மறைக்காம சொல்லு. என்னால யாராவது ஏற முடியாம போனாங்களா?"

"இல்ல டீச்சர். சீட்டு எப்பவும் மிச்சம்தான்," என்றார் அந்தப் பெண்.

"எங்களை இறக்கிவிட்டுட்டு மத்தியானம் வரைக்கும் நீ என்ன பண்ணுவே?"

ஓட்டுநர் தலைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு... தூங்குவேன்."

கூடம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. முட்டியில் கை ஊன்றி எழுந்து நின்றார்.

"சார் கேட்டது நியாயம். நோயாளிக்குத்தான் முதல் இடம்; அவங்க வந்தா நான் இறங்கி நிக்கறேன். ஆனா இந்த வண்டி மரத்தடியில நிக்கிற நேரத்துல எங்களை நாலு இடம் கூட்டிட்டுப் போனா என்ன குறைஞ்சுடும்? கூடப்பிறந்தவளைப் பார்க்க நான் நோயாளி ஆக வேண்டியிருக்கு. வயசானா ஆஸ்பத்திரியைத் தவிர எங்களுக்குப் போக்கிடமே கிடையாதா?"

யாரோ கைத்தடியால் தரையைத் தட்டினார். அது தொற்றிக்கொண்டு கூடமே தடதடத்தது. தலைமை நர்ஸ் உஸ் என்று அடக்கப் பார்த்து, பிறகு அவரே விட்டுவிட்டார்.

தலைவி கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "சரி, உங்களுக்கெல்லாம் எங்கதான் போகணும்?"

கேட்டாரோ இல்லையோ, மடை திறந்தது. நூலகம் என்றார் ஒருவர். மருமகள் வாங்கி வரும் முற்றல் கத்தரிக்காயைத் தின்று அலுத்துவிட்டது, கடைக்குப் போய்த் தானே பொறுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். சினிமா, ஆற்றங்கரை, பழைய அச்சகம் இருந்த தெரு. சளிக்காரப் பெரியவர் மட்டும், "எனக்கு எங்கயும் இல்லம்மா. சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சுத்து," என்றார்.

தலைவி அதிகாரியிடம் திரும்பினார். "காலையிலயும் மத்தியானமும் நோயாளிங்க. நடுவுல இவங்க கேக்கற இடம். முடியுமா முடியாதா?"

அதிகாரி ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார். சுவரிலிருந்த ஊர் வரைபடத்தருகே போய் விரலால் ஒரு வழி இழுத்தார். அந்த விரல் ஆற்றைத் தாண்டியதை டீச்சர் பார்த்தார்.

"முடியும் மேடம்," என்றார். முகத்தில் மெல்லிய சிரிப்பு. "ஓடாத வண்டி துருதான் பிடிக்கும்."

"என் தூக்கத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே டீச்சர்!" என்று ஓட்டுநர் சத்தமாகச் சிரித்தார். தங்கை மட்டும் அழுதுகொண்டிருந்தார். கண்ணுக்கு மருந்து போட்டதால் என்று சாதித்தார்.

நகராட்சிக் கூட்டத்தில் அது தீர்மானமாயிற்று. முதல் நாள் வேனில் இடமில்லை. அதிகாரியே நின்றுகொண்டு வந்தார். மருத்துவமனை வாசலை நிற்காமல் கடந்தபோது உள்ளே எழுந்த ஆரவாரத்தில், தெருவில் போனவர்கள் கல்யாண வேனோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கரையில் தங்கை வாசலிலேயே நின்றிருந்தார். டீச்சர் கம்பியைப் பிடித்து இறங்கி, அதுவரை காலே வைத்திராத அந்த வீட்டுக்குள் போனார். தங்கை கையைப் பிடித்து அறை அறையாகக் காட்டினார். மாடத்தில் துளிர்விட்ட செடி, அலமாரியில் அப்பாவின் படம், காற்று வரும் ஜன்னல். டீச்சர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அடுக்களை அலமாரி அடுக்கியிருந்த விதம் மட்டும் பிடிக்கவில்லை; உடனே பாத்திரங்களை இறக்கிப் போட்டு அடுக்க ஆரம்பித்துவிட்டார். இருவருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது, சின்ன வயதில் பிடித்த அதே சண்டை.

வெளியே வேனின் ஹாரன் கேட்டது. டீச்சர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நீ போம்மா! நான் அடுத்த வண்டிக்கு வர்றேன்!"