தசை கரைந்த மதியம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் அக்கா வெத்தூரியா என் சமையலறையில் போட்ட சத்தத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. சத்தத்துக்குக் காரணம் ஓர் ஆண் அந்துப்பூச்சியின் பின்புறம். கேட்டுச் சிரித்ததற்காக நான் களிக் கரண்டியால் அடி வாங்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ருமேனியாவின் குளூஜ் நகரத்தின்மேல் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த அந்த—

(மழையே இல்லை. நல்ல ஜூலை வெயில். யாருக்காவது மனசு உடைந்தால் என் கை தானாக மழையைக் கொண்டுவந்துவிடுகிறது. பாழாய்ப்போன பழக்கம்.)

2

ஆண் அந்துப்பூச்சியின் வால்நுனியில் இரண்டு பிடிப்பு மடல்கள் இருக்கின்றன, நடுவில் ஒரு குழல். இணையும்போது மடல்கள் பெண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிடிக்க வைப்பவை தசைகள். ஆனால் ஒரு பூச்சி எந்த இனம் என்று சொல்ல ஆய்வாளர்கள் தசையைப் பார்ப்பது அபூர்வம். வாலைக் காரக் கரைசலில் போட்டுச் சூடாக்குவார்கள். சதை கரைந்து ஓடு மட்டும் நிற்கும்.* ஓட்டின் வடிவத்தை வைத்து இனத்தைச் சொல்வார்கள்.

(* அக்காவுக்கும் இதே வேலைதான். வீட்டுக்கு வந்தால் முதலில் கையைக் கழுவச் சொல்வேன்.)

ஊருக்கு வெளியே எங்கள் குன்றில் பகலில் பறக்கும் ஒரு பூச்சி உண்டு. கறுத்த சிறகு, சிவப்புப் புள்ளிகள். அது தனி இனம் என்கிறாள் அக்கா. ஓடு மற்றவற்றைப் போலத்தான். ஆனால் மடலை மூடும் தசை ஓட்டின் பக்கச் சுவரில் தொடங்காமல் மேல்கூரையில் தொடங்குகிறதாம். பாதி சிதைந்த ஒரு பூச்சியில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். ருமேனியா முழுக்க ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் ஹோரியா. ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரன், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

இந்தக் கோடையில் நல்ல ஆண் ஒன்று அவளிடம் சிக்கியது. கெட்டுப்போகாமல் சாராயத்தில் போட்டு வைத்திருந்தாள். அவளுடைய ஒரே சாட்சி.

3

போன வாரம் ஒரு நாள் அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய்த் திரும்பியபோது ஹோரியா வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"உனக்கு ஒரு வேலைய மிச்சம் பண்ணிட்டேன். பாரு, எவ்வளவு சுத்தமா வந்திருக்குன்னு."

கண்ணாடித் தட்டில் ஓடு மட்டும் கிடந்தது. ஒரு பிசிறு சதை இல்லை.

"கரைசல்ல போட்டியா?"

"ஆமா, எப்பவும் போடுறதுதானே..."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

(இங்கே எனக்கு ஹோரியாமேல் சந்தேகம். வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கொரு வில்லன் கிடைப்பான். ஒரு வரைவும் எழுதினேன்: அவன் உதட்டோரம் ஒரு நமட்டுச் சிரிப்பு— அக்காவிடம் காட்டினேன்.)

"அடிச்சிடு அத. அவனுக்கு நமட்டுச் சிரிப்பெல்லாம் வராது."

"அப்ப ஏன் அவன்கூடப் பேச மாட்டேங்குற?"

"வேணும்னு செஞ்சிருந்தா நாலு வார்த்த திட்டிட்டுப் போயிருப்பேன். இது பழக்கம்டா. நான் சொன்னது ஒரு நாளாவது அவன் காதுல ஏறியிருந்தா அந்தக் கை நின்னிருக்குமே."

வில்லனை அடித்துவிட்டேன்.

4

பூச்சிகளின் பருவம் முடியும் நேரம். அக்கா ஆய்வகத்துக்குப் போகாமல் என் வீட்டிலிருந்து என் வரைவுகளைத் திருத்தினாள். (எழுதுகிறவனுக்கு வேறு தண்டனையே வேண்டாம்.) இன்று காலை ஹோரியா எனக்குப் போன் செய்தான். அவள்தான் எடுப்பதில்லையே.

"மச்சான், குன்றுலதான் இருக்கேன். ஒரு ஜோடி கண்ணுல மாட்டியிருக்கு, சேர்ந்து உக்காந்திருக்குதுங்க. பிரிக்க மனசு வரல. அவள வரச் சொல்லேன்."

கூட்டிப் போனேன். ஹோரியா புல்லில் குப்புறப் படுத்திருந்தான். முகம் வெயிலில் கன்றியிருந்தது. நாள் தவறாமல் வலையோடு வந்திருக்கிறான், மூடன். அவன் மூக்குக்கு நேரே ஊதாப் பூவில் இரண்டு பூச்சிகளும் வாலோடு வால் சேர்ந்து அசையாமல் இருந்தன.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"தொடாத. அதுங்களா விலகட்டும். அப்புறம் ஆணை எடுத்துக்கலாம்."

"அதுக்குள்ள பறந்துட்டா?"

"உனக்கு நல்லதுதானே. தசை கூரையில இருந்தா, இது தனி இனம் இல்லன்னு நீ எழுதுன கட்டுரையெல்லாம் குப்பைக்குப் போகும்."

"போகட்டும். புது இனத்துக்குப் பேரு வைக்கணுமே, அதத்தான் நாலு நாளா யோசிச்சிட்டிருக்கேன்."

அக்கா தன் நிழல் பூவின்மேல் விழாதபடி சுற்றி வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

5

முடிவு ஒன்று: தசை கூரையில்தான் இருந்தது. அக்கா—

முடிவு இரண்டு: பக்கச் சுவரில். ஹோரியா முகம் வாடிப்போய்—

முடிவு மூன்று: ஆண் பறந்துபோனது. அடுத்த ஜூலையில் இருவரும்—

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். எந்த முடிவு உண்மை என்று எனக்கே தெரியாது. இந்தப் பூச்சிகள் சேர்ந்தால் லேசில் விலகாதாம். நான் இருப்பது இடைஞ்சல் என்று அக்காவின் பார்வையே சொன்னதால் கிளம்பி வந்துவிட்டேன். மதியம் தாண்டிவிட்டது, இன்னும் போன் வரவில்லை. தசை எங்கே தொடங்குகிறது என்பதை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

காருக்கு நடக்கும்போது என் காதில் விழுந்ததை மட்டும் தருகிறேன்.

"சரி, என்ன பேரு?" என்றாள் அக்கா.

அவன் சொன்னது கேட்கவில்லை. அவள் சிரித்தது கேட்டது.