கிட்டப் போனால் தெரியாத படம்

1.

இந்தக் கதை என் மூக்கிலிருந்து தொடங்கியது. என் புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒன்றை எடுத்துக்கொண்டு கோவில்பட்டியில் ஒரு பிளக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் செய்யும் பெண் அதைத் திரையில் பெரிதாக்கினாள். என் மூக்கு படிக்கட்டு படிக்கட்டாக இறங்கியது.

"வாட்ஸ்அப்பு படத்தோட எடையைக் குறைச்சுத்தான் அனுப்புது சார். குறைச்சது குறைச்சதுதான். பெருசாக்குனா கட்டந்தான் பெருசாகும், மூக்கு வராது. ஒரிஜினலை டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

'கரிசல் மண்ணின் வெடிப்புகளைப் போல அவள் மனமும்—'

வேண்டாம். கரிசலைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எல்லோருக்கும் முதலில் வெடிப்புதான் வருகிறது. இப்படித் தொடங்குகிறேன்.

முத்துசெல்வி பசுவந்தனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மந்திரமூர்த்தியின் பிளக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்ப்பவள். அன்றைக்கு அவள் ஊர்க்காரர் சுடலைமணி வந்தார். கழுகுமலையில் மகனுக்கு மொட்டை போட்டபோது மச்சினன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய குடும்பப் படம் போனில் இருந்தது. காதுகுத்து விழாவுக்கு அதையே பன்னிரண்டடி அகலத்தில் அடித்து, பசுவந்தனை பஸ் ஸ்டாப்பில் கட்ட வேண்டும்.

படத்தைத் திறந்தவள் சட்டென்று அதைச் சுருக்கினாள். சுடலைமணி குடும்பத்துக்குப் பின்னால், ஓரமாக, அவளே நிற்கிறாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. பக்கத்தில் குழந்தையின் அம்மா, அவளுடைய அக்கா ராதாமணி.

ராதாமணி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கழுகுமலைக்குப் போன நாளிலிருந்து, வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்பது அப்பா பெருமாள்சாமியின் உத்தரவு. முத்துசெல்வி வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து வருகிறாள். தெரிந்தால் வேலைக்கும் முழுக்கு, அக்காவுக்கும் முழுக்கு. அந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்த டீக்கடையில்தான் அப்பா தினமும் உட்காருவார்.

3.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். டிசைன் தெரிந்தவள்தானே, மூன்று பேரையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் கோயில் சுவரை ஒட்டினால் தீர்ந்தது.]

முதல் வரைவில் அப்படித்தான் செய்தாள். கதை அங்கேயே படுத்துவிட்டது. இரண்டாம் வரைவில் தன்னை மட்டும் அழித்துப் பார்த்தாள். குழந்தை அந்தரத்தில் தொங்கியது. சரி என்று குழந்தையையும் அழித்தாள். அடுத்து அம்புக்குறி அக்காவின் மேல் வந்தபோது கை நின்றுவிட்டது. வீட்டுச் சுவரிலிருந்து அக்காவின் படத்தைக் கழற்றியாயிற்று. ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்தாயிற்று. இனி நானும் எடுக்க வேண்டுமா என்று நினைத்தாள். அழித்ததையெல்லாம் பழையபடி கொண்டுவந்துவிட்டாள். கதை எழுதுகிற நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

"மச்சினன் போன்ல ஒரிஜினல் இருக்கும். அனுப்பச் சொல்லட்டா?" என்றார் சுடலைமணி.

வருகிறவர்களிடமெல்லாம் ஒரிஜினல் கேட்டு உயிரை எடுப்பவள், "வேண்டாம் அண்ணாச்சி, பேனருக்கு இதே போதும்" என்றாள். கல்லாவில் இருந்த மந்திரமூர்த்தி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

(முழுப்பொய் இல்லை. கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு ஓர் அங்குலத்தில் முந்நூறு புள்ளிகள் வேண்டும். எட்ட நின்று பார்க்கிற பேனருக்கு அதில் பத்தில் ஒரு பங்கிலேயே ஒப்பேற்றிவிடலாம். இந்தப் படத்தைப் பன்னிரண்டடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஒன்பதுதான் தேறும். ஒவ்வொரு புள்ளியும் கம்பரிசி அளவு. முன்னால் நிற்கிற சுடலைமணி எப்படியும் பிழைத்துக்கொள்வார். பின்னால் நிற்கிற சின்ன முகங்கள் கட்டங்களாகச் சிதறிவிடும். அவள் நம்பியது அதைத்தான்.)

4.

பேனர் கட்டிய காலையில் முத்துசெல்வி பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் அதன் ஓரத்துக்கே போய்ப் பார்த்தாள். பழுப்பில் சில கட்டங்கள், நீலத்தில் சில கட்டங்கள். அவளுக்கே அவளைத் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். அப்பா வழக்கம்போலச் சாப்பிட்டார், ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டினார், படுத்துவிட்டார்.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவள் பார்த்தது கிட்ட நின்று. டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கட்டங்களைக் கண்ணே ஒட்டவைத்துவிடும். பெற்ற பிள்ளை நிற்கிற வாகு தெரிந்தவருக்கு இத்தனை புள்ளி வேண்டும் என்று கணக்கும் கிடையாது.

5.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், பெருமாள்சாமி பேனரை ஏறிட்டே பார்க்கவில்லை. எனக்கே சப்பென்றிருந்தது.

இன்னொன்றில், அவர் அரிவாளோடு போய் பேனரை— கை ஓடவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்றாவதில், மறுநாள் மத்தியானம் அவர் கோவில்பட்டிக்கு வந்து, முதல்முறையாக அந்தக் கடைப்படி ஏறினார். மந்திரமூர்த்தி சாப்பிடப் போயிருந்தார். முத்துசெல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஏட்டி, பஸ் ஸ்டாப்புல கட்டியிருக்காம்லா ஒரு படம். டீக்கடையில இருந்து பாத்தா தெரியுது. கிட்டப் போனா ஒண்ணும் தெரியல."

அவள் கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"கையில வச்சுப் பாக்குத மாதிரி போட்டுத் தர முடியுமா? ஓரத்துல நிக்குத மூணு பேரு மட்டும்."

"இதை வீட்டுல வச்சுக் கேக்கக் கூடாதா யப்பா?"

"வீட்டுல எப்படிட்டி கேக்க? பேரை எடுக்கக் கூடாதுன்னு சொன்னவன் நாந்தான."

அந்த ஓரத்தை மட்டும் வெட்டி, தபால்தலை அளவுக்குச் சுருக்கி அடித்துக் கொடுத்தாள். அந்த அளவில் கட்டமெல்லாம் ஒடுங்கி முகம் துலங்கியது. அவர் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூத்தவ இளைச்சுட்டா."

"ஆமா யப்பா."

"பிள்ளை முகம் தெரியலியே."

"அது அன்னைக்கு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு."

"கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கம் திருப்ப முடியாதா?"

"படத்துல இல்லாததை நான் எங்கன இருந்து கொண்டாருவேன்? நேர்லதான் பாக்கணும்."

அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"கழுகுமலை பஸ்ஸு எங்கன நிக்கும்?"

முத்துசெல்விக்கு அழுகை பொங்கிவிட்டது. இத்தனை நாள் ஒளித்துச் சுமந்ததை யாரோ கை கொடுத்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு, அவரை பஸ் ஏற்றிவிட ஓடினாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பஸ்ஸில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. அதற்கு மேல் என்னிடம் படம் இல்லை. கழுகுமலையில் அவர் இறங்கி, விசாரித்து, கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ராதாமணி திறக்கிறாள். பிள்ளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.