முப்பத்தைந்து மீட்டர் கயிறு

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் திருடினேன். அக்கா படகு ஓட்டுகிறாள். சரியாகச் சொன்னால், போன செவ்வாய்க்கிழமை வரை ஓட்டினாள். பாலத்துக்குக் கடலில் தூண் எழுப்பும் ஆட்கள் ஆறு பேர் தங்கும் படகு. நங்கூரம் போடும்போது முதலாளி பேச்சைக் கேட்கவில்லை என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கனத்த நங்கூரம் படகை அசையவிடாமல் பிடித்து..."

அக்கா இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கனத்துல என்னடா இருக்கு? எல்லாம் கயித்துலதான். நீளமா விட்டா நங்கூரத்தப் படுக்கவச்சு இழுக்கும், மண்ணுல புதையும். குட்டையா விட்டா மேல தூக்கும், பிடுங்கிட்டு வந்துரும்."

(ஆழம் ஐந்து மீட்டர். ஏழு மடங்கு கயிறு விடுவது அவள் வழக்கம்: முப்பத்தைந்து. முதலாளி சொன்னது பதினைந்து. நீளக் கயிற்றில் படகு பெரிய வட்டமாகச் சுற்றும். வரப்போகிற அவருடைய இன்னொரு படகுக்குப் பக்கத்தில் இடம் இருக்காது. கதை எழுதுகிறவன் எல்லோரையும் புரிந்துகொள்ள வேண்டுமாம். புரிந்துகொண்டேன். மன்னிக்கவில்லை.)

3

முதலாளி [இவருக்குத் தொப்பையும் உருட்டுக் கண்ணும் கொடுத்திருந்தேன். அக்கா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். ஆள் ஒல்லியாம், தன்மையாகத்தான் பேசுவாராம்] சொன்னார்:

"சொன்ன அளவுக்கு விடும்மா. இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போ."

"ஆறு பேர் தூங்குற படகு சார். பதினஞ்சு மீட்டர்ல நான் நிறுத்த மாட்டேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். படகு புது ஓட்டுநர் கைக்குப் போய், பதினைந்து மீட்டரில் நின்றது. காற்று அடிக்கவே இல்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகலயே" என்று முதலாளி போன் போட்டு வேறு சொன்னார்.

4

எனக்குப் பொறுக்கவில்லை. புயலை வரவழைத்தேன். மூன்று பக்கம். நங்கூரம் பிடுங்கிக்கொண்டது, படகு பாறையில் மோதியது, முதலாளி எங்கள் வாசலில் வந்து கையைப் பிசைந்தார். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை.

"அந்த ஆறு பேரும் என்ன ஆனாங்க?" என்றாள் அக்கா.

நான் அதை யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"நான் சொன்னது சரின்னு காட்ட அவங்க சாகணுமா? காத்து வந்தாலும் வராட்டியும் பதினஞ்சு மீட்டர் தப்புதான்டா. அதுக்குச் சாட்சிக்குப் புயல் வேண்டாம்."

என் பேனாவையே வாங்கி மூன்று பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டுத் தள்ளினாள்.

5

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் புயல் கிடையாது. உச்சக்கட்டம் எங்கே என்று கேட்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம்.

நேற்று மத்தியானம் அக்கா ஒரு துடுப்புப் படகை இரவல் வாங்கினாள். என்னையும் இழுத்துக்கொண்டு தன் பழைய படகுக்குப் போனாள். ஆறு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். புது ஓட்டுநர் மட்டும் இருந்தான்.

"அக்கா, இது இப்ப உங்க வேலை இல்லையே. முதலாளி பாத்தா?"

"பாக்கட்டும். நகரு."

படகில் ஏறி, முன்பக்கம் கட்டியிருந்த நங்கூரக் கயிற்றை அவிழ்த்து மீதி இருபது மீட்டரையும் விட்டாள். படகு மெல்லப் பின்வாங்கி நின்றது. நங்கூரம் மண்ணில் இழுபட்டால் கயிறு அதிருமாம்; அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கரையிலிருந்த புகைபோக்கியும் விளக்குக் கம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, படகு நகர்ந்து கோடு விலகுகிறதா என்று அரைமணி நேரம் கவனித்தாள். பிறகுதான் கடைசி முடிச்சைப் போட்டாள்.

புது ஓட்டுநரின் போன் அடித்தது. முதலாளி. கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"கயித்த இழுத்துக் கட்டச் சொல்றார்க்கா. எனக்கும் இந்த வேலை வேணும்."

"இழுக்கணும்னா இழு. சாயங்காலம் அந்த ஆறு பேரும் படுக்க வரும்போது, இவ்வளவுதான் விட்டிருக்கேன்னு உன் வாயால சொல்லிரு."

அவன் கயிற்றைப் பிடித்தபடி

[இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் அவன் இடத்தில் வந்து நில்லுங்கள். போன் இன்னும் அணையவில்லை.]