தண்ணீரிலும் ஒரு கோடு

தூண்டப்படாத செல்களில் அந்தக் கோடு தெரியக் கூடாது. ஆனால் மூன்றாவது முறையும் பளிச்சென்று தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'குளோன்காரி' என்று பெயர். நோய் எதிர்ப்புச் செல்களில் சுரக்கும் ஒரு நொதியின் மரபணுவைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவுக்குள் வைத்துக் கோடிக்கணக்கில் நகல் எடுத்தவள்; அந்த நகல்தான் குளோன். செல் சும்மா இருக்கும்போது இந்த மரபணு தூங்குகிறது, கிருமி வந்ததுபோல் தூண்டிவிட்டால் விழித்துக்கொண்டு ஆர்.என்.ஏ. என்ற செய்தியை எழுதித் தள்ளுகிறது. இதுதான் அவள் கணிப்பு. செய்தியைப் பெருக்கி, ஜெல் என்ற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால், செய்தி இருந்த இடத்தில் ஒரு கோடு விழும். அவளுக்கோ இரண்டு வகைச் செல்லிலும் ஒரே தடிமனில் விழுந்தது.

செல் வளர்ப்பது பக்கத்து அறையில் இருக்கும் அண்ணி. சொந்த அண்ணனின் மனைவி.

"அண்ணி, செல்லைக் குலுக்கிட்டீங்களா? தானா முழிச்சிக்கிச்சு போல."

"தூங்குற குழந்தையத் தூக்குற மாதிரிதான்டி தூக்குறேன். உன் கையைப் பாரு."

"மரபணுவையே பிடிச்ச கை அண்ணி இது!"

"அதான் தரையில கால் படமாட்டேங்குது."

கோபத்தில் அவள் இயக்குநரிடம் போய்க் கோளாறு செல்லில்தான் என்று சொல்லிவிட்டாள். "அப்போ திங்கக்கிழமையிலிருந்து அந்த வேலைய வேற ஆளுகிட்ட குடுத்துடலாம். ஆதாரத்தை முழுசா எடுத்துட்டு வாங்க" என்றார் அவர். பதினோரு வருடமாக அண்ணி பார்த்துவந்த அறை. இது காதில் விழுந்த பிறகும் அண்ணி செல் வேலை செய்யும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆதாரம் முழுசாக வேண்டுமென்றால் செல்லே இல்லாமல், வெறும் தண்ணீர் விட்ட ஒரு குழாயும் ஓட்ட வேண்டும். இடம் வீண் என்று அவள் எப்போதும் விட்டுவிடும் குழாய் அது. வெள்ளிக்கிழமை காலை அதையும் சேர்த்து ஓட்டினாள்.

தண்ணீரிலும் கோடு.

விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. தண்ணீரில் எந்தச் செல் விழித்துக்கொள்ளும்? அப்படியானால் இத்தனை முறையும் அவள் பார்த்தது எதை?

அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

அவள் விரலால் காட்டினாள். அண்ணி குனிந்து பார்த்தாள்.

"தண்ணிக்குள்ளயும் நான்தான் செல் போட்டேனா?"

"இல்ல அண்ணி. இது என் குளோன்."

அதே மேசையில், துளிகளை உறிஞ்சி எடுக்கும் அதே பிப்பெட்டால்தான் அவள் குளோனையும் எடுத்திருந்தாள். மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியிலேயே லட்சக்கணக்கான நகல்கள் உண்டு. அது எல்லாக் குழாயிலும் ஏறியிருந்தது.

"உங்களப் பத்தி அவருகிட்ட தப்பாச் சொல்லிட்டேன் அண்ணி."

"தெரியும். போய் மாத்திச் சொல்லு. அழுறத அப்புறம் வெச்சிக்கலாம்."

அவள் போய்ச் சொன்னாள். அறை அண்ணியிடமே இருந்தது.

ஆனாலும் மேசை முழுக்கக் குளோன். எவ்வளவு துடைத்தாலும் ஒரு துளி மிஞ்சும். இரண்டு நாள் மரபணுவின் எழுத்து வரிசையை உற்றுப் பார்த்தபின் வழி புலப்பட்டது. பெருக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று காட்டுபவை பிரைமர் எனும் இரண்டு சிறு துண்டுகள். அவளுடைய இரண்டுமே குளோனுக்குள் பொருந்துபவை. அதனால் குளோனும் பெருகியது. செல்லின் உண்மையான செய்திக்கோ ஒரு நீண்ட வால் உண்டு. குளோனில் அவள் அதைச் சேர்க்கவில்லை. ஒரு பிரைமரை அந்த வாலுக்கு மாற்றினாள். வால் இல்லாத குளோன் இனிப் பெருகாது.

புதிய ஜெல்லில் தண்ணீர் வெறுமை, தூண்டாத செல் வெறுமை, தூண்டிய செல்லில் மட்டும் கோடு.