ஒரு காசளவு இரும்பு

அந்தப் பழைய நீலக் காரின் ஹாரனை அழுத்தினால், இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடைக்காரரின் இரும்புக் கட்டில்தான் அலறும். ஹெட்லைட் சுவிட்சை இழுத்தால் பள்ளிக்கூடத்துக் கேட் பளிச்சென்று எரியும். ஏழு மாதம் இப்படியே நடந்தது. முதல் வாரம் ஊரே வாயைப் பிளந்தது. மூன்றாம் வாரம் ரொட்டிக்கடைக்காரர் தன் மதியத் தூக்கத்தைத் தரைக்கு மாற்றிக்கொண்டார், அதோடு பேச்சு அடங்கியது.

காரணம், கார் பட்டறையில் அண்ணனோடு ஒயர் வேலை பார்த்த தங்கைக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கார்களில் விளக்குக்குப் போக ஒயர் உண்டு, திரும்பி வரக் கிடையாது. போன மின்சாரம் காரின் இரும்பு உடம்பு வழியாகவே நடந்து, எர்த் ஒயர் முடுக்கிய போல்ட்டுக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்குள் ஏறிக்கொள்ளும். அந்த போல்ட்டுக்கு அடியில் ஒரு காசளவாவது வெறும் இரும்பு இருக்க வேண்டும். பெயிண்ட் வேலை பார்த்த அண்ணன் அங்கேயும் அடித்துவிட்டார். அதுவும் ஏழு கோட். வீடு திரும்ப வழியில்லாத மின்சாரம் ஊரில் அகப்பட்ட இரும்பிலெல்லாம் ஏறித் திரிந்தது.

சுரண்டினால் வேலை முடிந்தது. அவளுக்குத்தான் கை வரவில்லை. அண்ணனுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இதுதான் அவருடைய கடைசிக் கார், பாதியைக் கையால் தடவித் தடவியே அடித்திருந்தார். கண் முழுக்க இருட்டுவதற்குள் அதன் விளக்கு எரிவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதே அவர் ஆசை. அந்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? பேட்டரி வீக் என்று சமாளித்தாள். தனி ஒயர் இழுத்தும் பார்த்தாள். ஊர் சுற்றிப் பழகிய மின்சாரம் அதைச் சட்டை செய்யவில்லை.

ஒரு மதியம் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, காரின் உள்பக்கத்தைத் தடவி, போல்ட்டில் விரலை நிறுத்தினார்.

"எத்தனை மாசம்தான் பேட்டரி வீக்குன்னு சொல்லுவ? இது மேலயும் அடிச்சிருக்கேன்ல?"

"ரொம்ப அழகா இருந்துச்சுண்ணா. சுரண்ட மனசு வரல."

"அழகை வச்சா விளக்கு எரியும்? உப்புத்தாளை எடு."

அவரே தேய்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு காசளவு இரும்பு தெரிந்தது. அவள் ஒயரை வைத்து முடுக்கினாள். சுவிட்சைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக் கேட் முனகியது. பிறகு ஜன்னல் கம்பிகள், குழாய்கள், கடை ஷட்டர்கள் என்று ஒவ்வொன்றாக முனகிக்கொண்டே அந்தச் சத்தம் தெரு தெருவாக நெருங்கி வந்தது. இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு சின்ன இடம் வழியாக வீடு வந்து சேருமா என்று கைகூப்பாத குறையாக நின்றாள். ஏழு மாத வெளிச்சமும் மொத்தமாக வந்து ஹெட்லைட்டில் எரிந்தது. கண் கூசவே இல்லை.

அண்ணன் காரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"உனக்கு எப்போம்மா நரைச்சுது?"

"அது ஆச்சுண்ணா, மூணு வருஷம்," என்றவள் அழுதுவிட்டாள்.

பேட்டரியைக் கழற்றி வைத்த பிறகும் அந்த விளக்கு அணையவில்லை. அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெறுமனே நிற்க அவளுக்கு ஏது நேரம்? ஒயர் வேலை மேசையை ஹெட்லைட்டுக்கு நேராக இழுத்துப் போட்டு, அவர் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.