எஞ்சின் மாற்றும் ஸ்டேஷன்

அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. பழைய ஊரை விட்டு வந்த அந்த ராத்திரி ரயிலில் நான் அப்பா மடியில் கைக்குழந்தை. ஏழு வயது அக்காவுக்குத்தான் ஞாபகம். வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் அம்மா தண்ணீர் பிடிக்க இறங்கினாள், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எப்போது கேட்டாலும் அப்பா சொன்னது இவ்வளவுதான். எந்த ஸ்டேஷன் என்றால், "யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பழைய ஊரிலிருந்து இங்கே வர இரண்டு ரயில் பாதைகள். ஒன்று நேராக வரும், இன்னொன்று ஊரெல்லாம் சுற்றி வரும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யார் சுற்றி வருவார்கள் என்று நாங்களே முடிவு கட்டி, நேர்ப்பாதையைத் தேடினோம். தேடினோம் என்ன, அக்காதான் தேடினாள். லீவு கிடைத்தால் ஒரு ஸ்டேஷனில் இறங்குவாள். பிளாட்பாரத்துக் குழாயைப் பார்ப்பாள். டீக்கடையில் வயசானவர்களிடம், "இங்க வண்டியைத் தவற விட்டுட்டு ஒரு பொம்பளை அழுதுட்டு நின்னாங்களா?" என்று கேட்பாள். அவர்கள் இவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தன்னைத் தேடி அம்மா அலைந்திருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் அவள் காலம் ஓடியது.

"ரயில்வேல குப்பை கொட்டுறே, இதைக்கூடக் கண்டுபிடிக்க முடியலையாடா?" என்று என்னைக் குத்துவாள்.

"நான் எஞ்சினை மாட்டுறவன்க்கா, ஜோசியக்காரன் இல்லை."

போன மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். அவர் அறையை ஒழிக்க ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். அக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த டேபிள் ஃபேன் அவள் தலைமுடியை எல்லாம் முகத்தில் கொண்டுவந்து போட்டது.

"அன்னிக்கு ரயில்லயும் காலைல இப்படித்தான்டா. முடி முன்னாடி விழுந்து கண்ணை மறைச்சுது. சாயங்காலம் ஏறினப்போ பின்னாடி பறந்துட்டு இருந்தது."

"தூங்குறப்போ அப்பா எதிர் சீட்டுக்கு மாத்தியிருப்பார்."

"இல்லை. அதே சீட்டு, அதே ஜன்னல். கட்டையில நகத்தால ஒரு பூ கீறி வச்சிருந்தேன். காலைலயும் பக்கத்துலயே இருந்தது."

என் கையில் இருந்த சட்டை நழுவியது. சீட்டு மாறவில்லை என்றால் வண்டிதான் திரும்பியிருக்கிறது. நான் தினமும் செய்கிற வேலை அது. முன்னால் இருக்கும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகக் கொண்டுபோய், பின்னால் மாட்ட வேண்டும். கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகி, வந்த திசையிலேயே வண்டி கிளம்பும்.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். "நாம வந்தது சுத்துப்பாதை. நேர்ப்பாதையில எங்கயும் எஞ்சின் மாத்த மாட்டாங்க. சுத்துப்பாதையில ஒரே ஒரு ஜங்ஷன்லதான் மாத்துவாங்க. மத்த ஸ்டேஷன்ல எல்லாம் ராத்திரில வண்டி நிக்காது. அம்மா இறங்கினது அங்கதான், வேற எங்கயும் இருக்க முடியாது."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. "கழற்றி மாட்டி, பிரேக் பார்த்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். நானே..." என்று என் பெருமையை அளந்துகொண்டே போனவன் பாதியில் நிறுத்தினேன். சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அரை மணி நேரம் நிற்கிற வண்டியை, தண்ணீர் பிடிக்கப் போன யாரும் தவற விட மாட்டார்கள்.

அக்கா மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். முகம் தெரியாத ஒருத்தி மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது. எங்களுக்காக அந்த ஒரு பொய்யைச் சாகும்வரை கட்டிக் காத்த மனுஷன். நான் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்துவிட்டேன்.

"அன்னிக்கு ஒரு கனவு வந்துச்சுன்னு சொல்வேனே," என்றாள் அக்கா மெதுவாக.

சொல்லியிருக்கிறாள். தூக்கத்தில் யாரோ ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். கை ஈரமாக இருந்ததாம். கனவு என்று அப்பா சொல்லிவிட்டார். வண்டிதான் உடனே கிளம்பிவிட்டதே, யார் வந்து பிடிப்பது என்று அவளும் நம்பிவிட்டாள்.

"அது கனவு இல்லைடா. அம்மா ரொம்ப நேரம் பிடிச்சிருந்தா. வண்டி நகர்ந்தப்புறம்தான் விட்டா."

நான் கீழே கிடந்த சட்டையை எடுத்து உதறினேன்.

"அரை மணி நேரம் போதாதாடா, திரும்ப ஏறுறதுக்கு?"

அப்பாவாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

"போதும்க்கா," என்றேன்.