மகள் வாங்கும் ரயில்

என் மகள் கஜந்தி மெல்பேர்ன் நகரத்துக்குப் புது ரயில்கள் வாங்குகிறாள். கிரெய்கிபர்ன் தமிழ் முதியோர் சங்கத்தில் இதை நான் சொல்லாத கூட்டம் கிடையாது. மற்றவர்களின் பிள்ளைகள் கார் வாங்குவார்கள், வீடு வாங்குவார்கள். ரயில் வாங்குகிற பிள்ளை எங்கள் குடும்பத்தில் மட்டும்தான். வாங்கும் குழுவில் அவள் ஒருத்தி என்பதையும், பயணிகள் எங்கே இருப்பது, எதைப் பிடித்து நிற்பது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை என்பதையும் விளக்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

“அப்பா, புது ரயிலின்ரை மாதிரிப் பெட்டி ஒண்டு பலகையாலை செய்து வைச்சிருக்கினம். ஓடாது, ஆனால் அளவெல்லாம் உண்மையான அளவு. ஆக்கள் ஏறிப் பாத்துச் சொல்லவேணும். உங்கடை சங்கத்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறீங்களோ?”

“ஏன், வெள்ளைக்காரர் பாத்துச் சொல்ல மாட்டினமோ?”

“அவை வந்து பாத்திட்டினம். எனக்கும் மனேஜருக்கும் ஒரு விசயத்திலை இழுபறி. என்ன எண்டு முன்கூட்டிச் சொல்லக்கூடாது, சொன்னால் பரிசோதனை பழுதாகிடும். இது முடிய ஓடர் போயிடும், பிறகு ஒண்டும் மாத்தேலாது. அதாலை குறையிருந்தால் கட்டாயம் சொல்லுங்கோ அப்பா.”

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவன் நான். சபை மரியாதை எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, “குறையிருந்தால் சொல்லுங்கோ” என்று நாங்களும்தான் சொல்கிறோம். மானமுள்ள எவனாவது கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வானா? என் மகளும் அந்த முறையில்தான் பணிவாகச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன்.

ஆகவே, நகரத்துக்குப் போகும் ரயிலிலேயே சங்கத்தாருக்கு வகுப்பு எடுத்தேன். “என்ன கேட்டாலும் வெரி குட் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ரை மனேஜர் நிப்பார். அவவின்ரை பேரைக் காப்பாத்தவேணும்.”

“இருக்கை கல்லு மாதிரி இருந்தாலோ?” என்று கேட்டா இராஜேஸ்வரி. எங்கள் சங்கத்தின் பொருளாளர். உருவத்தில் சிறியவ, வாயில் அல்ல.

“அப்பவும் வெரி குட்தான்.”

என்னோடு ஒன்றாகப் படித்த யசோதரன் மட்டும் என் காலைப் பார்த்தான். “தருமர், சப்பாத்துப் புதிசோ? ஆள் வளந்தமாதிரிக் கிடக்கு.”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் பரம்பரையில் கட்டையர் கிடையாது. என் ஒருவனுடைய விடயத்தில் மட்டும் அந்தப் பெருமையைக் காக்கும் பொறுப்பைச் சப்பாத்துக்காரர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

பெரிய கொட்டகை ஒன்றுக்குள் மாதிரிப் பெட்டி நின்றது. மஞ்சள் மேலங்கிகளை மாட்டிவிட்டு எங்களை ஏற்றினார்கள். கஜந்தியின் மனேஜர் கிரெக் வாசலில் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வந்தார், அவ்வளவு உயரம். மேலேயிருந்து தொங்கிய பிடிகளைப் பிடித்து நிற்கச் சொன்னார்.

நான் நுனிக்காலில் எழும்பி இரண்டு விரல்களால் ஒன்றைக் கொளுவிக்கொண்டேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. முகத்தில் மட்டும் கச்சேரிக் கம்பீரத்தை விடவில்லை.

“வசதியாக இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வெரி குட்,” என்றேன், மூச்சை அடக்கியபடி.

“வெரி குட், சேர்,” என்றான் யசோதரன். இராஜேஸ்வரியின் கை பிடிக்குக் கிட்டவும் போகவில்லை. ஆனாலும் கையை இறக்காமல், எல்லோரையும் ஆசீர்வதிப்பவ போல நின்று, அவவும் வெரி குட் என்றா. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் சங்கம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கிரெக் மகளிடம் திரும்பினார். “பார்த்தாயா கஜந்தி? ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. பிடிகள் இப்படியே இருக்கட்டும்.”

கஜந்தி என்னை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “அப்பா, ஆர் இவைக்கு வெரி குட் சொல்லச் சொன்னது?”

“நீ வாங்கிற ரயிலிலை நாங்கள் குறை பிடிக்கிறதோ?”

“வாங்க முந்திக் குறை பிடிக்கத்தானே அப்பா எனக்குச் சம்பளம்! பிடி உயரம், கீழை பதிக்கவேணும் எண்டு மாசக்கணக்கா அந்தாளோடை சண்டை பிடிக்கிறன். இராஜேஸ்வரி அன்ரியைப் பாருங்கோ, காத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. உண்மையான ரயில் பிரேக் போட்டால் அவ எங்கை போய் விழுவா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவ இன்னும் ஆசீர்வதித்துக்கொண்டுதான் நின்றா. குடும்ப மானத்தைக் காக்கவென்று புறப்பட்டு, குடும்பத்தில் உழைக்கிற ஒரே ஆளின் வாதத்தை நானே தோற்கடித்திருந்தேன்.

கிரெக்கிடம் போய்ச் சொன்னேன். நாங்கள் மரியாதைக்காக அப்படிச் சொன்னோம், உண்மையில் பிடி எட்டவில்லை என்று.

அவர் சிரித்தார். “உங்களுக்கு எட்டியதே. நான் பார்த்தேன்.”

இனிப் பேச்சால் ஆகாது. ஒரு இருக்கையில் அமர்ந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தேன். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தபோது, உள்ளே ஒட்டியிருந்த தடித்த குதி எல்லோருக்கும் தெரிந்தது. வலது காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதற்கும் இந்த நாள்தான் கிடைத்தது. எழுந்து நின்று கையை முழுவதும் நீட்டினேன். பிடி மேலே தொங்கியது. நான் கீழே நின்றேன்.

“அட தருமர்,” என்றான் யசோதரன், “மிச்ச ஆள் சப்பாத்துக்குள்ளையோ இருந்தது?”

பெட்டி முழுவதும் சிரித்தது. ஆனால் இராஜேஸ்வரி கையை இறக்கிவிட்டா. “எனக்கும் எட்டேல்லை. கை விறைச்சுப் போச்சு. இந்த மனுசன்தான் சொல்லக்கூடாதெண்டது.” அதன்பிறகு சங்கத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. படி உயரம், இருக்கை கல்லு, அறிவிப்பு கேட்காது, அதுவும் அறிவிப்பே போடாத பெட்டியில். கஜந்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கிரெக் ஓடி ஓடி எழுதினார். கடைசியில் அளவுநாடாவைக் கொண்டுவந்து எங்களை ஒவ்வொருவராக நிறுத்தி உயரம் எடுத்தார். என்னுடையதை உரத்து வாசிக்க வேண்டியதில்லை. வாசித்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு கஜந்தி வேலையால் வந்து கைப்பையைக் கதிரையில் போட்டாள். “பிடியைப் பதிக்க ஓமெண்டிட்டினம், அப்பா.”

“நல்லது. அறிக்கையிலை என்ரை பேர் வருமோ?”

“பேர் வராது. ஆண், எழுபதுக்கு மேலை, ஷோர்ட். அவ்வளவுதான்.”

“ஷோர்ட் எண்டோ போட்டது? மீடியம் எண்டு போடேலாதோ?”

“மீடியம் எண்டு போட்டால் பிடி பழையபடி மேலை போயிடும், அப்பா.”

இராஜேஸ்வரியின் விறைத்த கை நினைவுக்கு வந்தது.

“அப்ப கிடக்கட்டும்,” என்றேன். “சப்பாத்தோடை எவ்வளவு எண்டு மட்டும் பக்கத்திலை சின்னதாய் எழுதிவிடு.”